புள்ளி வைத்த பெயர்கள்

பழங்காநத்தம் தாண்டியும் திருமங்கலம் பஸ்ஸின் படிக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான் சோலைமலை. உள்ளே இடம் இருந்தது. கண்டக்டர் "எல்லாரும் உள்ள போங்கப்பா, உள்ள காலியாத்தான கிடக்கு" என்று கத்தியபோது அந்த எல்லாரில் தானும் உண்டா என்று ஒரு கணம் யோசித்தான், அதற்குள் பின்னால் இருந்தவர்கள் உள்ளே போய் இடத்தை நிரப்பிவிட்டார்கள். அவன் ராசி அப்படி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கால் நகரும். சட்டைப்பையில் போன் துடித்தது, அல்லது துடித்த மாதிரி இருந்தது, இப்போதெல்லாம் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. காலையிலேயே இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். முதலில் திருமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெயக்கொடி அக்கா. "தம்பி, கம்ப்யூட்டரு இடமே இல்லங்குது. நேத்து ஒரு காதுகுத்துப் படத்த இறக்கப் பாத்தா முடியாதுன்னு நிக்குது. தினமும் காலையில தொடச்சு வச்சிரும்னுதான சொன்னீங்க?" அடுத்து நாகர்கோவிலிலிருந்து ராபின்சன். "அண்ணே, இன்னைக்குப் புதுசை விடணும். ஸ்டாரு புள்ளியை எடுக்கணுமா, கூடாதா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணே." ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போன மழைக்காலத்திலிருந்து அவனுக்குத் தூக்கம் அரைத் தூக்கமாக இருக்கிறது. எடுக்கணும். கூடாது. இரண்டுமே ஒரு வார்த்தைதான், இரண்டையும் மாற்றி மாற்றி வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

விஷயம் வெளியே சொன்னால் சிரிப்பார்கள். செண்பகத்திடம், அதாவது மனைவியிடம், சொன்னபோது சிரிக்கவே செய்தாள். சோலைமலை சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிரல் எழுதினான், சல்லடை என்று பெயர் வைத்தான், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் நிரலுக்குள் பொருத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டுவைத்தான். இப்போது ராபின்சனும் கூடச் சேர்ந்து பார்த்துக்கொள்கிறான், திருத்திய சல்லடையை இணையத்தில் விடுவது அவன் பொறுப்பு. அதன் வேலை ஒன்றே ஒன்று. கோப்புகள், ஃபோல்டர்களின் பெயர்களைத் தேடித் தருவது. பெயர் முழுதாகத் தெரியாவிட்டால் தெரியாத இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடலாம், அந்த இடத்தில் எது இருந்தாலும் பொருந்தும். வெறும் நட்சத்திரம் மட்டும் போட்டால் எல்லாம். அந்த எல்லாம்தான் இப்போது தொண்டையில் சிக்கிய மீன் முள். ஏனென்றால் பெயரின் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளி இருந்தால் நட்சத்திரம் அதைத் தொடாமல் போய்விட வேண்டும் என்று அவன் எழுதிவைத்தான். அவனாகக் கண்டுபிடித்ததில்லை, பெரிய கம்ப்யூட்டர்களில் அவன் பிறப்பதற்கு முன்பிருந்தே வந்த வழக்கம் அது, புள்ளி வைத்தவை கம்ப்யூட்டரின் சொந்தச் சாமான்கள், சாவி, அமைப்பு, கடவுச்சொல், அவற்றைப் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஆனால் இப்போது எங்கெங்கோ இருந்து சிலர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எல்லாம் என்று எழுதிவிட்டு எல்லாவற்றையும் தராமல் இருப்பது பொய்தானே என்கிறார்கள். நியாயம்தான். மாற்றினால் எங்கள் சாவியெல்லாம் போகும் என்கிறார்கள் வேறு சிலர். அதுவும் நியாயம்தான். யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும் புத்தி அவனுக்கு, இது அவனுக்கே தெரியும், தெரிந்து என்ன செய்ய.

பசுமலையில் இரண்டு பேர் இறங்கினார்கள், ஐந்தாறு பேர் ஏறினார்கள், அவன் கம்பியிலிருந்து கம்பிக்குத் தள்ளப்பட்டான். மச்சான் கல்யாணத்தில் இப்படித்தான் ஆயிற்று. மேடையில் படம் எடுத்தது இதே ஜெயக்கொடி அக்காதான், செண்பகத்தின் ஊர்க்காரி, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு "பொண்ணு வீட்டுக்காரங்க எறங்குங்க, மாப்பிள்ள வீட்டுக்காரங்க எல்லாரும் மேல வாங்க" என்று ஏவிக்கொண்டிருந்தாள். சோலைமலை கீழேயே நின்றான். அவன் மாப்பிள்ளை வீட்டுக்காரனா? மாப்பிள்ளையின் அக்கா புருஷன், சரி, ஆனால் அந்த வீட்டுக்காரன் என்று சொல்ல முடியுமா, பிறந்த வீடு வேறு, இனிஷியல் வேறு. யோசித்து முடிப்பதற்குள் பளிச்சென்று விளக்கு மின்னி ஓய்ந்தது. அந்தப் படம் இன்னும் மாமனார் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. செண்பகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சுவர். "உங்களுக்குத் தனியாப் பத்திரிகை வச்சாத்தான் மேல ஏறுவீங்களோ?" என்று அவள் இன்றைக்கும் கேட்பாள். "என் பேரைச் சொல்லலையே" என்பான் இவன். "எல்லாரும்னு சொன்னாங்கள்ல?" "சொன்னாங்க." அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சு நகராது. சல்லடையில் அந்தப் புள்ளி விதியை எழுதியது அந்தக் கல்யாணத்துக்கு முன்னா பின்னா? முன்னால் என்றால் அது விதி, பின்னால் என்றால் அது வீம்பு. நினைவில்லை. பெயர் சொல்லாதவரைத் தொடாமல் விடுவதுதான் மரியாதை என்று அப்போது பக்கம் பக்கமாக வாதாடி ஜெயித்தது மட்டும் நினைவிருக்கிறது. ஜெயித்தது சரியா என்பதுதான் இப்போது தெரியவில்லை.

திருப்பரங்குன்றத்தில் ஒரு சீட் கிடைத்தது, வெயில் பக்கம். உட்கார்ந்ததும் அக்காவின் கம்ப்யூட்டர் மனதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏன் நிரம்புகிறது? நிரம்பவே கூடாதே. அந்த வேலையைச் செய்துகொடுத்ததே அவன்தான், செண்பகம் சொன்னாளே என்று. இரவு கடை சாத்தும்போது சல்லடை அந்த நாள் வரைக்கும் உள்ள படங்களையெல்லாம் நட்சத்திரம் போட்டு எடுத்துப் பீரோவில் இருக்கும் டிஸ்கில் காப்பி போட்டுவிடும். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அதே நட்சத்திரத்தைப் போட்டு, ராத்திரியே காப்பி ஆகியிருக்கும் என்ற கணக்கில், அதில் விழுந்தவற்றையெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து துடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே சல்லடை. அதில் விழாதது காப்பியும் ஆகாது, துடைபடவும் செய்யாது, ஆகவே ஒரு படம்கூட வீணாகப் போகாது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை உண்டு, வெளியே சொல்லாத பெருமை. அக்கா துடைப்பு விஷயத்தில் கறாராக இருந்தாள். "அழிச்சா அழிஞ்சதா இருக்கணும் தம்பி. ரிப்பேருக்குக் கொண்டு போற எடத்துல எவனும் தோண்டி எடுத்துப் பாக்கக் கூடாது. ஊர்ப் பிள்ளைக படம்." அதனால் அழித்த இடத்தை மறுபடி மறுபடி தேய்த்து, அவனே நினைத்தாலும் மீட்க முடியாதபடி எழுதிக்கொடுத்தான். அவள் வியாபாரமே பிள்ளைகள்தான். பிறந்த பிள்ளைக்கு மாசாமாசம் ஒரு படம், கவிழ்ந்தது, தவழ்ந்தது, பல் முளைத்தது, எல்லாம் சேர்த்து முதல் பிறந்த நாளுக்கு ஆல்பமாகத் தருவாள், அதுவரை ஒரு படத்தைக்கூட வெளியே விடமாட்டாள். திருமங்கலத்துத் தாய்மார்கள் பாதிப் பேர் அவளை நம்பி இருந்தார்கள். "ஸ்டார் போட்டா எல்லாமேவா தம்பி?" என்று அன்றைக்கு அவள் இரண்டு தடவை கேட்டாள். "எல்லாமேக்கா" என்று இரண்டு தடவையும் சொன்னான். புள்ளியைப் பற்றிச் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல? கடையில் இருப்பது சாதாரணக் கம்ப்யூட்டர், அதில் யார் பெயருக்கு முன்னால் புள்ளி வைக்கப்போகிறார்கள், நம் ஊரில் புள்ளி இனிஷியலுக்குப் பின்னால்தான் வரும். ஒருவேளை அக்கா பெரிய கேமரா வாங்கிவிட்டாளோ? படம் ஒவ்வொன்றும் எடை கூடியிருக்குமோ? ஆனாலும் காலையில் துடைத்துவிடுமே. துடைக்கவில்லை என்றால் ஏன் துடைக்கவில்லை?

யோசனை அங்கே நின்று சுற்றியது, சுற்றிச் சுற்றி மறுபடி ராபின்சனிடமே வந்தது. சின்ன விஷயங்களில்கூட அவனுக்கு எது முடிவாகியிருக்கிறது? பெயரில் ஒரே ஓர் எழுத்து தெரியாவிட்டால் அங்கே கேள்விக்குறி போடலாம் என்பது இன்னொரு விதி. ஓர் எழுத்து. கோ என்பது ஓர் எழுத்துதானே? நமக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு, சமயத்தில் மூன்று. அதையும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருக்கிறான். தேடியது எதுவுமே கிடைக்காவிட்டால் வெறுங்கையை நீட்டுவதா, இல்லை கேட்ட கேள்வியையே திருப்பிக் கொடுப்பதா என்று ஒரு வழக்கு. அவன் வீட்டில் எது கேட்டாலும் கேள்வியைத்தான் திருப்பிக் கொடுக்கிறான் என்று செண்பகம் சொல்கிறாள். ஆனால் இவையெல்லாம் யாரையும் கொல்லாது. புள்ளி கொல்லும். எங்கோ ஒருவன் தன் நிரலில் எல்லாவற்றையும் அழி என்று நட்சத்திரம் போட்டு எழுதிவிட்டு, புள்ளி வைத்த சாவிக் கோப்பு தப்பித்துக்கொள்ளும் என்ற தைரியத்தில் நிம்மதியாகத் தூங்குகிறான். நாளைக்கு நட்சத்திரம் புள்ளியையும் எடுத்தால் அவன் எழுந்து பார்க்கும்போது ஒன்றும் இருக்காது. அந்த ஆளுக்கு முகம்கூட இல்லை, ஆனால் சோலைமலைக்கு அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் நிற்பது தெரிந்தது. பயமாக இருந்தது. உடனே எதிர்ப்பக்கத்து ஆள் வந்தான். அவன் எல்லாவற்றையும் காப்பி எடு என்று எழுதியவன், எடுத்துவிட்டதாக நம்புகிறவன், ஒருநாள் அவசரத்துக்குத் திறந்து பார்க்கப்போகிறவன். அவனுக்கும் முகம் இல்லை. இவன் நன்றாக இருந்தால் அவன் அழுவான், அவன் சிரித்தால் இவன் அழுவான். யார் அழுவது நல்லது என்று ஒரு மனுஷன் பஸ்ஸில் வெயிலில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியுமா?

போன் உண்மையாகவே துடித்தது. ராபின்சன். "அண்ணே, ரெண்டு பக்கமும் என்னைப் போட்டுக் காய்ச்சுறாங்க. சொல்லுங்கண்ணே." சோலைமலை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தான், கம்பி சுட்டது. எப்படி அந்த வார்த்தை வந்தது என்று பிறகு அவனுக்கே விளங்கவில்லை. கண்டக்டர் கத்தியது காரணமாக இருக்கலாம், மாமனார் வீட்டுச் சுவரில் அந்த ஓர் ஆள் அகலம் காரணமாக இருக்கலாம், எல்லாமேக்கா என்று இரண்டு தடவை சொன்னது உறுத்தியிருக்கலாம். "எடுக்கட்டும் ராபின்சன். எல்லாம்னா எல்லாம்தான். புள்ளி இருந்தாலும் எடுக்கட்டும்." "உறுதியாத்தானே சொல்லுதீங்க?" "உறுதியா." போனை வைத்ததும் மார்பிலிருந்து எதையோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. இவ்வளவு சுலபமா? ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம், மேடை பெரிதாகத்தானே இருந்தது. அவனுக்குத் தன்மேல் கொஞ்சம் பிரியம்கூட வந்தது. கப்பலூர் வரும்போது ராபின்சனின் செய்தி வந்துவிட்டது: விட்டாச்சுண்ணே. இனிமேல் சல்லடையைக் கேட்கும் கம்ப்யூட்டர்களெல்லாம் புதியதைத்தான் எடுத்துக்கொள்ளும். அக்கா கடைக் கம்ப்யூட்டரும் அப்படித்தான், காலையில் ஆன் செய்ததும் முதல் வேலையாகப் புதுச் சல்லடை இருக்கிறதா என்று பார்த்து இறக்கிக்கொள்ளும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் திருமங்கலத்துக்கு பஸ் ஏற முடியாது என்று அவன்தான் அப்படி அமைத்துவைத்தான். இந்த நினைப்பு வந்தது, ஒரு முட்கம்பியில் வேட்டி நுனி மாட்டுவதுபோல எங்கோ லேசாக மாட்டியது, பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, விட்டுப்போய்விட்டது. எதில் மாட்டியது என்று திருமங்கலம் வரும்வரை தேடினான்.

ஸ்டுடியோ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து குரல் வந்தது. "வாங்க தம்பி, வாங்க. உங்கள வீணா வெயில்ல அலைய விட்டுட்டேன். கடையத் தொறந்து, ஆன் பண்ணி, சாமிக்குச் சூடம் காட்டிட்டுத் திரும்புறேன், இடம் அம்புட்டும் காலியாயிருச்சு! பஸ்ஸுல இருந்தே பண்ணீங்களாக்கும்?" சோலைமலை சிரித்தான். பண்ணினேன் என்றும் சொல்லவில்லை, பண்ணவில்லை என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து பார்த்தான். உண்மைதான், முக்கால்வாசி இடம் காலி. நேற்று நிரம்பியிருந்தது, இன்று காலி. இவ்வளவு நாளாக எது கிடந்து அடைத்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு மட்டும் எப்படிப் போனது? சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவனுக்குக் குழப்பம்தான் வந்தது, நல்லது நடந்தாலும் காரணம் தெரியாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அக்கா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைக்கு வர்ற வழியில ஒரு வீட்டுல ஒரு பிள்ளைய எடுத்தேன் தம்பி, சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. அத இறக்கிட்டு டீ சொல்றேன்." புது ஃபோல்டர் ஒன்றைத் திறந்து பெயர் அடித்தாள். ஆள்காட்டி விரல் முதலில் கீழ் வரிசைக்குப் போய் ஒரு புள்ளியைத் தட்டியது, பிறகுதான் பிள்ளையின் பெயர் வந்தது. 

"அக்கா, அது என்ன முன்னாடி?"

"எது, இதா? பொட்டு தம்பி." அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தாள். "இப்ப உள்ள தாய்மாருக கன்னத்துப் பொட்ட படத்துல அழிச்சுக் குடுங்கன்னு கேக்குறாளுக, மொகம் பளிச்சுன்னு இருக்கணுமாம். நானும் அழிச்சுத்தான் குடுக்கிறேன். ஆனா மனசு கேக்க மாட்டேங்குது. பச்சப்பிள்ள, நாலு பேர் வந்து போற கடை, ஒரு கண்ணு மாதிரி ஒரு கண்ணு இருக்குமா? பேருலயாச்சும் ஒரு பொட்டு இருந்துட்டுப் போகட்டுமேன்னு வச்சிருவேன்."

அவன் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து டிஸ்கை எடுத்து வந்து மாட்டினான். கல்யாணங்கள் இருந்தன. காதுகுத்துகள், புதுமனைப் புகுவிழாக்கள், ஒரு கட்சிக் கூட்டம், பாஸ்போர்ட் அளவு முகங்கள், ஒரு கல்லூரி ஆண்டு விழா. மேலே போனான், கீழே வந்தான். தவழும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இல்லாமல்தானே இருக்கும். ஒவ்வொரு ராத்திரியும் நட்சத்திரம் அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போயிருக்கிறது. காலையிலும் ஒதுங்கிப் போயிருக்கிறது. அதனால் அத்தனை பிள்ளைகளும் இந்தக் கம்ப்யூட்டரிலேயே பத்திரமாகக் கிடந்திருக்கிறார்கள், கிடந்ததால்தான் இடம் நிரம்பியது, நிரம்பியதால்தான் அக்கா கூப்பிட்டாள், கூப்பிட்டதால்தான் அவன் பஸ் ஏறினான். நேற்றிரவு காப்பி எடுத்தது பழைய சல்லடை. இன்று காலை துடைத்தது புதியது. அவன் கப்பலூரில் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான். உறுதியா என்று ராபின்சன் கேட்டான், உறுதியா என்று இவன் சொன்னான், விட்டாச்சுண்ணே என்று அவன் செய்தி அனுப்பிய கையோடு இங்கே அக்கா கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டுச் சூடம் காட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பின்னால் நட்சத்திரம் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாவற்றையும் எடுத்து, எடுத்த இடத்தைத் தேய்த்து, தேய்த்த இடத்தை மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தது. விடாமல் இருந்திருந்தால்? நேற்றே வந்திருந்தால்? கூடாது என்று சொல்லியிருந்தால், அது தப்பாக இருந்தாலும்? தப்பு இருந்தவரைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். திருத்தியது தப்பா, திருத்திய நேரம் தப்பா, அந்த மேடையில் ஏறாமல் நின்றது தப்பா, அவனுக்கு எந்த நுனியைப் பிடித்து இழுப்பது என்று தெரியவில்லை. அழுகை வந்தது, அது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"என்ன தம்பி, இப்படி வேர்க்குது? ஃபேனக் கூட்டவா?"

"அக்கா." சொல்லத்தான் வேண்டும். "அக்கா, கொஞ்சம் படம் போயிருச்சு. திரும்ப எடுக்க முடியாது." கொஞ்சம் என்று ஏன் சொன்னோம் என்று சொல்லும்போதே தோன்றியது.

ஜெயக்கொடி டீக்காரனைக் கூப்பிட எழுந்தவள் அப்படியே நின்றாள். "யாரு படம்?"

"பிள்ளைங்க படம்."

"எந்தப் பிள்ளைக தம்பி?"

"முன்னாடி பொட்டு வச்சிருந்தீங்களே, அந்தப் பிள்ளைங்க."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள், அங்கே ஓரத்தில் இப்போது இறக்கிய ஒரே ஒரு பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"நான் எல்லாப் பிள்ளைக்கும்தான தம்பி வச்சேன்" என்றாள்.